பாலாற்றங்கரையில் லித்தியம் பேச்சு

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு – காட்பாடி

ஜம்முவில் பேட்டரிக்கான லித்தியம் கிடைத்த செய்தி வந்து இன்றோடு இரண்டு வருஷம். 2023 பிப்ரவரி 9 அன்று மத்திய சுரங்க அமைச்சகம் அறிவித்தது: ரியாசி மாவட்டம் சலால்-ஹைமனா பகுதியில் இந்தியப் புவியியல் ஆய்வு மையம் 59 லட்சம் டன் கண்டுபிடித்திருக்கிறது. அன்று சாயந்திரமே போன் சூடாகிவிட்டது. சிலி, ஆஸ்திரேலியாவோடு இந்தியாவையும் ஒரே அட்டவணையில் நிறுத்திய படங்கள். இனி பெட்ரோல் பங்குக்காரர்கள் வேறு தொழில் பார்க்கலாம் என்று கேலிகள். சலால் கிராமத்து ஆட்கள் கையில் கல்லை வைத்துக்கொண்டு கேமராவுக்கு முன்னால் சிரித்தபடி நின்றார்கள். ஊருக்கு வேலை வரும் என்று பாதிப் பேர், நிலம் போய்விடுமோ என்று மீதிப் பேர்.

அதற்கும் வட ஆற்காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நேரடியாக ஒன்றுமில்லை. லித்தியம் இருப்பது செனாப் ஆற்றங்கரையில். ஆனால் போன மாதக் கடைசியில் எட்டு நாளுக்குள் மூன்று சேதி வந்தது. ஜனவரி 23 அன்று மதுரை அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் எடுக்கக் கொடுத்த ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. 29 அன்று 16,300 கோடி ரூபாயில் தேசிய முக்கியக் கனிமத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. லித்தியம் அதில் முன்வரிசை. 30 அன்று பாலாற்றைக் கெடுத்த டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மூன்றையும் அடுத்தடுத்துப் படித்ததும் இந்தப் பக்கம் ஒரு சுற்று வரலாம் என்று தோன்றியது. பேட்டரி வண்டி தயாராகும் ஊர், டேனரியால் கிணறு போன ஊர், கோலார் தங்கவயலுக்குக் குடும்பம் குடும்பமாக ஆள் அனுப்பிய ஊர், எல்லாம் இங்கே பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

ஏலகிரி எக்ஸ்பிரஸில் எதிர் சீட்டில் ஒரு வங்கி ஊழியர். சோளிங்கர் தாண்டியதும் பேச்சுக் கொடுத்தேன். லித்தியம் என்றதும் ஞாபகம் வந்துவிட்டது அவருக்கு. "காஷ்மீர்ல கெடச்சுதே, அதானே சார்? இன்னேரம் தோண்டிகினு இருப்பாங்க."

தோண்டவில்லை என்றேன். 2023 கடைசியில் ஏலம் விட்டார்கள்; தகுதியான ஆட்கள் மூன்று பேர்கூடத் தேறவில்லை என்று ரத்து செய்தார்கள். 2024-ல் மறுபடி விட்டார்கள், அதுவும் ரத்து. இன்னும் ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்ற நிலையில் நிற்கிறது.

"அப்ப அன்னிக்கி அவ்வளவு ஆட்டம் போட்டோமே" என்றார். அப்புறம் முகுந்தராயபுரம் வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏலம் எடுக்க ஏன் ஆள் வரவில்லை என்பதில் பெரிய மர்மம் இல்லை. கனிமத் தேடலில் நான்கு படி உண்டு. ஜி4 என்பது முதல் மோப்பம், ஜி1 என்பது துல்லியமான கணக்கு. ரியாசியில் செய்தது ஜி3, அதாவது கீழிருந்து இரண்டாவது படி. போதாக்குறைக்கு அங்கே லித்தியம் கிடப்பது களிமண்ணும் அலுமினியத் தாதுவான பாக்சைட்டும் கலந்த மண்ணில். ஆஸ்திரேலியாவில் ஸ்போடுமீன் பாறையிலிருந்து எடுக்கிறார்கள், சிலியில் உப்புநீரைக் காயவைத்து எடுக்கிறார்கள். களிமண்ணிலிருந்து பெரிய அளவில் எடுத்து லாபம் பார்க்கும் வழி இன்னும் கைக்கு வரவில்லை. இடமோ நிலநடுக்க அபாயம் உள்ள இமயமலை அடிவாரம். அறிவிப்பு வந்தபோது லித்தியம் விலை உச்சத்திலிருந்து அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்தது; 2024 முடிவதற்குள் 80 சதவீதத்துக்கு மேல் சரிந்துவிட்டது. இத்தனையும் தெரிந்தவன் எவன் பணத்தைப் போடுவான்?

பிப்ரவரி 10, திங்கள் – வேலூர்

சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே ஐடா ஸ்கடர் சாலையில் பெயர்ப் பலகைகளில் தமிழைவிட வங்காளமும் இந்தியும்தான் கண்ணில் படுகின்றன. மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வருபவர்களை நம்பி லாட்ஜும் மெஸ்ஸும் மருந்துக் கடையும் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. ஒரு மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்கும் சாக்கில் கடைக்காரரிடம் லித்தியத்தைப் பற்றிக் கேட்டேன்.

"டாக்டர் சீட்டு இருக்கா?" என்றார்.

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மனநோய்க்கான மருந்தாகத்தான் அவருக்கு லித்தியம் தெரியும். ஒரு சமயம் எல்லை மீறிய உற்சாகம், ஒரு சமயம் எழவே முடியாத சோர்வு என்று மாறி மாறி அலைக்கழிக்கும் நோய்க்கு லித்தியம் கார்பனேட் கொடுக்கிறார்கள். 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பலனை எழுதினார். இன்றும் அதற்கு மதிப்பு குறையவில்லை. அளவு கொஞ்சம் கூடினாலும் உடம்புக்கு விஷம் என்பதால் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அடிக்கடி சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் பல்லாண்டுகளாக இருப்பதால் இந்த ஊர் மருந்துக் கடைக்காரர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

நான் கேட்டது ஜம்மு லித்தியம் என்று விளக்கினேன். "59 லட்சம் டன்னா? எங்க கிட்ட 300 மில்லிகிராம்தான் சார் போகும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் வங்காளத்தில் பேசப் போய்விட்டார். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பதில்களில் மிகச் சரியான அளவு சொன்னவர் இவராகத்தான் இருப்பார் என்று பட்டது. அது எவ்வளவு உண்மை என்று வியாழக்கிழமைதான் தெரிந்தது. அதைப் பின்னால் எழுதுகிறேன்.

மத்தியானம் சத்துவாச்சாரியில் ஒரு மெக்கானிக் ஷெட். ஒரு பக்கம் ஆயில் வாசனை, மறு பக்கம் லேப்டாப்பில் பேட்டரி செல்களின் வோல்டேஜ் வரிசை. முப்பது வயதுக்குள் இருக்கும் அண்ணனுக்கு பெட்ரோல் வண்டி, பேட்டரி வண்டி இரண்டும் அத்துப்படி.

"லித்தியம் கெடச்சுதுன்னு சொன்னப்ப இன்னா நெனச்சீங்க?"

"கஸ்டமருங்கதான் சார் நெனச்சாங்க. பேட்டரி விலை பாதியா கொறையும், அப்ப மாத்திக்கலாம்னு ரெண்டு பேரு வண்டிய இங்கயே போட்டுட்டுப் போனாங்க. ஒண்ணு இன்னும் கீது பாரு."

கை காட்டிய இடத்தில் சீட் கிழிந்த ஒரு ஸ்கூட்டர், மேலே வெங்காய மூட்டை.

விலை குறைந்ததே, ஆனால் நம் லித்தியத்தால் இல்லையே என்றேன். அவர் ஒத்துக்கொண்டார். பேட்டரிக்குள் இருக்கும் செல்லில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. மண்ணைத் தோண்டுவதற்கும் செல்லுக்கும் நடுவே சுத்திகரிப்பு, ரசாயனம், செல் தயாரிப்பு என்று பெரிய வேலைகள் கிடக்கின்றன. நம்மிடம் குறை அங்கேதான். அதைப் பற்றி ஃபார்வர்டு எதுவும் வரவில்லை.

வேலூர்க்காரர்களுக்கு லித்தியம் என்றால் இன்னொரு நினைவும் உண்டு. 2022 மார்ச்சில் இந்த ஊரில் ஒரு வீட்டில் ராத்திரி சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி அப்பாவும் மகளும் இறந்தார்கள். அந்த வருஷம் நாட்டின் வேறு இடங்களிலும் வண்டிகள் எரிந்தன. அதற்கப்புறம்தான் ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதி இறுக்கப்பட்டது. "இன்னிக்கும் வர்றவங்க மொதல்ல மைலேஜ் கேக்க மாட்டாங்க சார். தீப்பிடிக்குமான்னுதான் கேப்பாங்க. ராத்திரி வீட்டுக்குள்ள சார்ஜ் போடாதீங்க, திண்ணையில போடுங்கன்னு நானே சொல்லி அனுப்பறேன்." ஜம்மு செய்தி வந்தபோது நாடு குதித்தது, இந்த ஊரில் அதற்குப் பதினோரு மாதம் முன்னால் அதே பொருளுக்கு ஒரு சாவு வீடு. கொண்டாட்டம் இங்கே கொஞ்சம் சுருதி குறைந்துதான் இருந்திருக்கும்.

சாயந்திரம் கோட்டை அகழியைச் சுற்றி நடந்தேன். மரமில்லா மலை, நீரில்லா ஆறு என்று வேலூரைக் கேலி செய்யும் பழைய வரிசை ஒன்று உண்டு. அந்த மலைகள் முழுக்கப் பாறைதான். ஆனால் இதில் லித்தியம் இருக்குமா என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. ராத்திரி மெஸ்ஸில் முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு. அணைக்கட்டு பக்கம் இலவம்பாடியில் விளைவது. காம்பில் கை வைத்தால் குத்தும். ரியாசி அறிவிப்பு வந்த அதே 2023 பிப்ரவரியில்தான் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மாதம் வேலூருக்குக் கிடைத்த புதையல் இது. ஏலம் போகவில்லை, ரத்தும் ஆகவில்லை, இலையில் இருக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய் – ராணிப்பேட்டை

தைப்பூசம். ரத்தினகிரி அடிவாரத்தில் காவடிக் கூட்டம், பஸ் நகரவில்லை. இறங்கி மோர் குடித்து, இன்னொரு பஸ் பிடித்து ராணிப்பேட்டை போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

இந்த ஊருக்கு லித்தியத்தில் உண்மையான பங்கு உண்டு. 2021 நவம்பரில் கிரீவ்ஸ் நிறுவனத்தின் ஆம்பியர் மின் ஸ்கூட்டர் ஆலை இங்கே திறந்தது. பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய் கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அதனால் இங்கே வேலைக்குப் போகும் பிள்ளைகளின் பேச்சில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் யூனிஃபார்ம் போட்ட மூன்று பெண்கள். லித்தியம் இந்தியாவிலேயே கிடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "கம்பெனி பெருசாவும், எங்களப் பர்மனெண்ட் பண்ணுவாங்க" என்றாள் ஒருத்தி. மற்ற இருவரும் "ஆமா, பண்ணுவாங்க!" என்று சிரித்தார்கள். சிரிப்பில் நம்பிக்கை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

அப்புறம் ஆட்டோ பிடித்து குரோமியக் கழிவு கிடக்கும் இடத்துக்குப் போனேன். டேனரிகளுக்குத் தேவையான குரோம் ரசாயனங்களைத் தயாரித்த ஓர் ஆலை இங்கே இருந்தது. 1990-களின் நடுவில் மூடிவிட்டார்கள். ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கழிவு அப்படியே நிற்கிறது. ஆறிணைதிறன் குரோமியம் என்று பாடப் புத்தகம் சொல்லும். புற்றுநோய் வரவழைக்கும் வகை அது. மழை பெய்தால் கரைந்து இறங்கும். சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் மஞ்சளாகிப் பல வருஷம் ஆகிறது.

ஆட்டோக்காரர் உள்ளூர்தான். மேட்டைக் காட்டி, "நான் ஸ்கூல் படிக்கறப்போ ஃபேக்டரிய மூடனாங்க. இப்ப என் பையன் காலேஜ் முடிக்கப் போறான். இது மட்டும் எங்கயும் போவல" என்றார். ரியாசியைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "எடுத்துட்டு மிச்சத்த எங்க கொட்டுவாங்களாம்?"

இதே கேள்வியை நான் சென்னையில் யாரும் கேட்டுக் கேட்டதில்லை. வாட்ஸ்அப்பிலும் கேட்கவில்லை. இங்கே ஒரு ஆட்டோ ஸ்டாண்டில் வருகிறது. 2015 ஜனவரி 31 விடியற்காலையில் இதே ஊர் சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சேறு பாய்ந்து பத்துப் பேர் இறந்தார்கள். மிச்சத்தை எங்கே கொட்டுவது என்பது இந்த ஊரில் எவரும் மறக்கக்கூடிய கேள்வி இல்லை.

திரும்பும் வழியில் வாலாஜாவில் டீ. கடையில் அரிட்டாபட்டி வாதம் சூடாக ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் மதுரைக்காரர்கள் மேல் கடுப்பில் இருந்தார். டங்ஸ்டன் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம், இருந்தும் வேண்டாம் என்கிறார்கள், நாடு எப்படி முன்னேறும்? இன்னொருவர் அவரைவிட வயதில் மூத்தவர், டீயை ஆற்றிக்கொண்டே, "இங்க டேனரி வந்தப்பவும் நாடு முன்னேறும்னுதான் சொன்னாங்க. முன்னேறிச்சு. நாம குடிக்கிற தண்ணிய லாரியில கொண்டாந்து ஊத்தறாங்க" என்றார். முதலில் பேசியவர் விடவில்லை: "அப்ப உன் போன கீழ போடு. அதுலயும் லித்தியம்தான் கீது." மூத்தவரிடம் அதற்குப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. டீ நன்றாக இருந்தது.

பிப்ரவரி 12, புதன் – வாணியம்பாடி

ஆம்பூரில் இறங்கி பிரியாணி சாப்பிடாமல் போனால் ஊர்க்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள் என்பதால் இறங்கினேன். பத்தரை மணிக்கே அண்டா திறந்தாயிற்று. கூடவே எண்ணெய்க் கத்தரிக்காய். இரண்டு நாளில் இரண்டாவது கத்தரிக்காய், புகார் ஒன்றும் இல்லை.

வாணியம்பாடிப் பாலத்தின் கீழ் பாலாறு மணலும் சீமைக் கருவேலமுமாகக் கிடக்கிறது. நந்தி மலையில் பிறந்து ஆந்திரம் வழியாக இங்கே வந்து சேரும்போது ஆற்றில் வருஷத்தில் பெரும்பாலான நாள் ஓடுவது டேனரிகள் விட்டதுதான் என்று ஆகி எத்தனையோ வருஷம் ஆயிற்று. இந்த வட்டாரத்து மக்கள் போட்ட வழக்கில்தான் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவர்தான் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அந்த வழக்கை வேலூர் என்ற பெயரோடுதான் பாடமாகப் படிக்கிறார்கள். அப்புறம் இழப்பீடு கணக்கிட ஆணையம், ஏறத்தாழ 29 ஆயிரம் பேருக்கு இழப்பீடு என்று உத்தரவு, மறுபடி வழக்குகள். இந்த ஜனவரி 30 தீர்ப்பில், மிச்ச இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் கொடுக்கச் சொல்லியும் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொல்லியும் இருக்கிறார்கள். 1996-லிருந்து 2025 வரை. ஒரு தலைமுறை.

தென்னந்தோப்பு ஓரம் ஒரு விவசாயி, அறுபதைத் தாண்டியவர். அவருடைய போர் தண்ணீரைக் கையில் வாங்கி நாக்கில் வைத்தேன். உப்பு. தென்னை மட்டும் எப்படியோ தாக்குப் பிடிக்கிறது, நெல் போடுவதை விட்டாயிற்று. தீர்ப்பைக் கேள்விப்பட்டாரா? கேள்விப்பட்டார். "கைக்கு வந்தா சொல்றேன் தம்பி."

லித்தியத்தைப் பற்றி அவர் காதில் விழுந்ததே இல்லை. பேட்டரிக்கான உலோகம், ஆற்றோரத்து மலைக் கிராமத்தில் கிடைத்திருக்கிறது என்று சொன்னேன். ஆறு எது, கிராமம் ஆற்றுக்கு மேல் பக்கமா கீழ்ப் பக்கமா, அணை இருக்கிறதா என்று விசாரித்தார். செனாப், சலால் அணை என்றேன். "அப்ப அணைக்காவது காவலு இருப்பாங்க. அதனால ஆத்த கொஞ்சம் பாத்துக்குவாங்க" என்றார். அவருக்கு டன் கணக்கும் தேவைப்படவில்லை, விலையும் தேவைப்படவில்லை.

அதே தெருவில் பழைய டேனரி சூப்பர்வைசர் பாய் ஒருவரின் பேச்சு வேறு மாதிரி. டேனரிகளைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் போகும் ஆட்களைப் பார்த்து அலுத்துவிட்டது அவருக்கு. இந்த ஊரில் பள்ளிக்கூடம், மருத்துவமனை, கல்யாணச் சீர் எல்லாம் தோல் காசில் வந்தவை. பொது சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள், செலவு தாங்காமல் சின்ன ஆட்கள் மூடிவிட்டுப் போனார்கள், பெரியவர்கள் நின்றார்கள். "ஜம்முவுலயும் அதுதான் நடக்கும். ரூல் போடற அன்னிக்கு சின்னவன் வெளிய, பெரியவன் உள்ள. அங்கத்திய பசங்களுக்கு வாட்ச்மேன் வேலை." ரியாசி ஏலத்தில் சின்னவனும் வரவில்லை, பெரியவனும் வரவில்லை என்றேன். அதைக் கேட்டு அவர் ரொம்ப நேரம் சிரித்தார். செர்பியாவில் ஜாடர் பள்ளத்தாக்கில் லித்தியம் எடுக்க வந்த ரியோ டின்டோ என்ற சுரங்க நிறுவனத்துக்கு எதிராக 2024-ல் பெல்கிரேடு தெருக்களில் பல்லாயிரம் பேர் இறங்கினார்கள் என்று சொன்னதும் மட்டும் கவனமாகக் கேட்டார். "அவங்க எடுக்கறதுக்கு முன்னாடியே எறங்கிட்டாங்க. நாங்க ஆறு செத்தப்புறம் எறங்கனோம்." நாங்கள் என்று அவர் தன்னையும் சேர்த்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

பிப்ரவரி 13, வியாழன் – குடியாத்தம்

கைலியும் தீப்பெட்டியும்தான் குடியாத்தம் என்றால் பலருக்கும் நினைவுக்கு வரும். கோலார் தங்கவயலும் இந்த ஊரின் கதைதான். 1880-களிலிருந்து 2001 பிப்ரவரி 28-ல் மூடும் வரை அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அதில் வட ஆற்காட்டிலிருந்து போனவர்கள் ஏராளம். மாரிக்குப்பம், ஊரிகம், சாம்பியன் ரீஃப் என்ற பெயர்களை இங்கே சொந்தக்காரர் வீட்டு விலாசம் போல் சொல்கிறார்கள்.

நான் பார்க்கப் போன தாத்தா சாம்பியன் ரீஃபில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்துவிட்டு இங்கே மகள் வீட்டோடு வந்துவிட்டவர். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் அது. பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும் என்பதால் மேலிருந்து குளிர்ந்த காற்றை இறக்குவார்கள். திடீரென்று பாறை வெடித்துச் சிதறும். எந்த நேரம் என்று யாருக்கும் தெரியாது. இருமலுக்கு நடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தூசி நுரையீரலில் தங்கிய இருமல் என்று கேட்ட உடனே தெரியும்.

ஜம்மு செய்தியை அவர் டி.வி.யில் பார்த்திருக்கிறார். நான் பார்த்தவர்களில் அவர் ஒருவர்தான் இந்தக் கேள்வியைக் கேட்டார்:

"59 லட்சம் டன் கல்லா, சரக்கா?"

அசந்துவிட்டேன். உள்ளபடி கேள்வி அதுதான். முதல் அறிவிப்பில் லித்தியம் 59 லட்சம் டன் என்றே சொன்னார்கள், எல்லோரும் அப்படியே கேட்டுக்கொண்டோம். பிறகு ஏலம் விட்டபோது அமைச்சகம் தந்த விவரத்தில் இருப்பது வேறு: 59 லட்சம் டன் என்பது பாக்சைட் அடுக்கின் எடை, அதற்குள் இருக்கும் லித்தியம் 3,400 டன்னுக்குச் சற்று மேல். கூடவே 70,000 டன்னுக்கு மேல் டைட்டானியம்.

தாத்தாவுக்குப் பென்சில் தேவைப்படவில்லை. "டன்னுக்கு அரை கிலோவுக்கு மேல வருதா. தங்கமா இருந்தா ராஜ யோகம். எங்க ஆளுங்க கடைசில சில கிராமுக்கு இறங்கனாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இது தங்கம் இல்லயே நைனா" என்றார்.

மகள் காபி கொண்டுவந்தார். அவர் பிறந்தது தங்கவயலில். சிறுவயதில், தங்கம் பிரித்த பின் கொட்டிய சயனைடு மண்மேட்டில் சறுக்கி விளையாடியதைச் சொன்னார். காற்றடித்தால் வீட்டுக்குள் சோற்றில் வெள்ளைத் தூள் விழும். நூற்றுச்சொச்சம் வருஷம் தோண்டி அங்கே எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன். மேடுகளாக இன்றும் நிற்கும் கழிவு 3 கோடியே 30 லட்சம் டன். அந்த மேடுகளிலேயே இன்னும் கொஞ்சம் தங்கம் இருக்கிறது என்று மறுபடி சலித்தெடுக்கப் போகிறார்கள். 2024-ல் கர்நாடக அரசு அதற்குச் சம்மதம் கொடுத்தது. மறுபடி வேலை வருமா என்று கேட்டேன். தாத்தா மகளைப் பார்த்தார். "வந்தா மெஷினுக்கு வரும்" என்றார் மகள்.

ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 3 கிலோவாட் மணி பேட்டரி போட்ட ஒரு ஸ்கூட்டருக்கு லித்தியம் உத்தேசமாக 300 கிராம் போதும். மருந்துக் கடைக்காரர் 300 மில்லிகிராமில் நின்றார், ஸ்கூட்டர் அதைப் போல ஆயிரம் மடங்கு, அவ்வளவுதான். 3,400 டன்னையும் ஒரு துளி சேதாரம் இல்லாமல் எடுத்தால் ஒரு கோடி ஸ்கூட்டருக்கு மேல் வரும். ஆக, கிடைத்தது ஒன்றுமே இல்லை என்று சொல்வதும் தப்பு. அரபு நாடுகளை மிரட்டும் அளவு இல்லை. ஒழுங்காகச் செய்தால் பிரயோஜனம் உண்டு. பாக்சைட்டையும் டைட்டானியத்தையும் சேர்த்து எடுத்தால் கழிவும் குறையும். இதை 2023-லேயே இப்படிச் சொல்லியிருந்தால் யார் குடி முழுகியிருக்கும்? ஆனால் 3,400 என்று சொன்னால் தலைப்புச் செய்தி ஆகாது. அதே வருஷம் மே மாதம் ராஜஸ்தான் டேகானாவில் இதைவிடப் பெரிய லித்தியம் என்று ஒரு செய்தி கிளம்பி, ஆதாரமில்லை என்று புவியியல் ஆய்வு மையமே மறுத்தது. மறுப்பு என் போனுக்கு வரவில்லை. செய்தி மட்டும் வந்தது, மூன்று பேரிடமிருந்து.

பிப்ரவரி 14, வெள்ளி – திருப்பத்தூர், செவ்வாத்தூர்

கடைசி நாள். ஏலகிரியின் நிழலில் திருப்பத்தூர். 2019-ல் தனி மாவட்டமான பிறகும் இங்கே பெரியவர்கள் வட ஆற்காடு என்றே சொல்கிறார்கள். பக்கத்தில் செவ்வாத்தூர். புவியியல் படித்தவர்களுக்கு இந்தச் சின்ன ஊர் நன்றாகத் தெரியும். பூமிக்குள்ளிருந்து கார்பனேட் குழம்பாக எழுந்து உறைந்த கார்பனடைட் பாறை இங்கே இருக்கிறது. நியோபியம் என்ற உலோகம் கொண்ட பைரோகுளோர் என்ற கனிமமும் அதில் உண்டு. மாநில அரசின் டாமின் நிறுவனம் இங்கே வெர்மிகுலைட் எடுக்கிறது. பளபளக்கும் தாள் தாளான கல், சூடு காட்டினால் நெல் பொரிவது போலப் பொரிந்து உப்பும். உலைகளுக்கு வெப்பம் தாங்கும் செங்கல் செய்யவும் நர்சரித் தொட்டிகளில் மண்ணோடு கலக்கவும் பயன்படுகிறது.

ஆக, இந்த ஊர்க்காரர்களுக்கு நிலத்தடியில் சரக்கு இருப்பது புதுசு இல்லை. ஊர் முனையில் பம்ப் செட்டுப் பக்கம் வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம், உங்கள் நிலத்தில் லித்தியம் கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ஏக்கர் இன்னா வெலைக்கு எடுப்பாங்க?"

நான் தயங்கினேன். ராணிப்பேட்டை மேட்டையும் பாலாற்றையும் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இந்தப் பதில் எதிர்பாராததாக இருந்தது. ஆனால் அவர் நியாயம் அவருக்கு. மூன்று வருஷமாகக் கடலை விலை கட்டுப்படியாகவில்லை, போர் போட்டுத் தண்ணீர் வராமல் பணம் மட்டும் போயிற்று, பிள்ளை பெங்களூரில் டெலிவரி வேலை. நிலத்தைக் கேட்டு யாராவது வந்தால் உட்கார வைத்துப் பேசுவேன் என்கிறார். கழிவு, தண்ணீர் என்று நான் இழுத்ததும், "தண்ணி இருந்தாத்தானே கெடும்" என்று முடித்துவிட்டார். அரிட்டாபட்டியையும் டி.வி.யில் பார்த்திருக்கிறார். அங்கே கோயில் இருக்கிறது, சுனை இருக்கிறது, விளைச்சல் இருக்கிறது, அவர்கள் நின்றார்கள், இங்கே நிற்க என்ன இருக்கிறது என்று கேட்டார். சலாலில் கேமரா முன்னால் சிரித்து நின்றவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களை வெகுளிகள் என்று நினைத்திருந்தேன். அப்படியிருக்க வேண்டியதில்லை.

இதற்குள் அவர் கொழுந்தனார் வந்துவிட்டார். டிராக்டர் ஓட்டுகிறவர். விஷயம் தெரிந்ததும் உள்ளே போய் ஒரு சிமெண்ட் சாக்குத் துண்டில் சுற்றிய கல்லைக் கொண்டுவந்தார். கிணறு ஆழப்படுத்தியபோது கிடைத்ததாம். வெயிலில் திருப்பினால் மின்னுகிறது. விரலால் நெருடினால் ஏடு ஏடாகப் பிரிகிறது. எனக்குத் தெரிந்தவரை இது வெர்மிகுலைட் அல்லது மைக்காவாகத்தான் இருக்கும், லித்தியமாக இருக்க வாய்ப்பு குறைவு என்றேன். லித்தியம் இப்படித் தனியாக மின்னிக்கொண்டு கிடைக்காது, வேறு கனிமங்களோடு கலந்துதான் இருக்கும், சோதனைச் சாலையில்தான் சொல்ல முடியும் என்றும் சொன்னேன்.

அவர் விடுவதாக இல்லை. சென்னையில் புவியியல் ஆய்வு மையத்துக்கு அலுவலகம் இருக்கிறதல்லவா, நான் அங்கேதானே போகிறேன், கொடுத்துப் பார்க்க வேண்டியதுதானே என்கிறார். வெளி ஆட்களின் கல்லை வாங்குவார்களா, கட்டணம் எவ்வளவு என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். கல்லைத் திரும்பச் சாக்கில் சுற்றி என் பையின் ஜிப்பைத் தானே திறந்து உள்ளே வைத்தார்.

"லித்தியம் இல்லன்னா வுட்டுடாத சார். வேற எதனா கீதான்னு சேர்த்துப் பாக்கச் சொல்லு."